பழைய குழாயும் பழைய தீர்ப்பும்

போடிநாயக்கனூரிலும் ஏலமலைச் சரிவுகளிலும் பழைய வீட்டுக் குழாயைப் பழுதுபார்க்கையில் அடுத்த குழாயும் உடைந்தால் வழக்கு எழுகிறது. வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரின் கையைக் குறை கூறுகிறார். அவரோ குழாயின் துருவைக் காட்டுகிறார்.

இவ்வழக்கு புதிதன்று. தைக்கக் கொடுத்த துணி களவு போனால், தையற்காரரிடம் குற்றமில்லாதவரை அவர் பொறுப்பல்லர் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தவிர்க்க இயலாத இழப்பு நீங்கலாகப் பொறுப்பே என்றனர் அவர்தம் மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்). ஆனால் பலருக்கும் வேலை செய்பவர் தம் செயலால் விளைந்த சேதத்துக்குப் பொறுப்பாவார் என்பதே ஹனஃபி மத்ஹபின் முடிவு. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டநூல், 611ஆம் பிரிவில் இதனையே விதித்தது.

எனினும், சுத்தியல் படுமுன்பே குழாய் இற்றிருந்ததா? உடைந்தபின் அதனை யார் மெய்ப்பிப்பது?

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் தவணைக் கடனை எழுதிச் சாட்சி வைக்கப் பணிக்கிறது. அவ்வொழுங்கை இதிலும் கைக்கொள்வோம். சுவரை உடைக்குமுன் இருவரும் குழாயைப் பார்த்து, அதன் நிலையையும் வேலையின் அளவையும் கூலியையும் எழுதிக்கொள்வோம். வேலை முடிந்தபின்னும் ஒருவருக்கொருவர் முகம் மலர்ந்து ஸலாம் சொல்ல அத்தாள் துணைநிற்கும், இன்ஷா அல்லாஹ்.