வட்டக்கோட்டையின் செலவுக் கணக்கு

வட்டக்கோட்டைச் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமில்லை. முகப்பில் 29 அடி, மூலைகளில் 18 அடி, பின்புறம் 6 அடிதான். உயரம் கைப்பிடிச்சுவரோடு சேர்த்து 25, 26 அடி. சுமார் மூன்றரை ஏக்கரை வளைத்துக் கன்னியாகுமரி அருகே கடலோரம் நிற்கும் இந்தக் கருங்கல் கோட்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் குளச்சல் போரும் கூடவே வந்துவிடும். 1741இல் டச்சுக்காரர் தோற்றார்கள், பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரானார், அவர் மேற்பார்வையில் கோட்டை எழுந்தது என்று கதை போகும். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் வீரத்தின் நினைவுக்காகக் கட்டுகிறவன் சுவரின் கனத்தை இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் கூட்டிக் குறைக்கமாட்டான். எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரக்கூடும், அதைத் தடுக்க எவ்வளவு கல்லும் கூலியும் போடலாம் என்று யோசித்தவர்களின் வேலை இது. எந்தக் கோட்டையிலும் இப்படித்தானே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். இங்கே வேறுபாடு கட்டியவரிடம் இருக்கிறது. மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர் வரி வாங்கும் அரசாக மட்டும் இருக்கவில்லை, சரக்கு வாங்கி விற்கும் வியாபாரியாகவும் இருந்தது. வட்டக்கோட்டையை அந்த வியாபாரத்தின் காப்புச் செலவாகப் படித்தால்தான் அது ஏன் இந்த மூலையில் நிற்கிறது என்பது விளங்கும்.

1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா வடக்கே ஒவ்வொரு சிற்றரசாகப் பிடித்துக்கொண்டு போனதும் மிளகு விளையும் நிலம் அவர் கைக்கு வந்தது. மிளகை அரசைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று உத்தரவு பிறந்தது. தளவாய் ராமய்யன் மாவேலிக்கரையை நடுவாக வைத்துப் பண்டகசாலைகளை அமைத்தார். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே திட்டம் செய்யும் பதிவுக்கணக்கும் இந்த ஆட்சியில்தான் வந்தது. வரலாற்றாசிரியர் அசின் தாஸ்குப்தா டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை அலசி 1967இல் வெளியிட்ட மலபார் வணிக ஆய்வு, இந்த ஏகபோகத்தால் மலபாரின் பழைய வணிகர்கள் எப்படி ஒதுங்க நேர்ந்தது என்பதைக் காட்டுகிறது. 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில் இந்த வியாபாரியின் முகம் தெளிவாகத் தெரிகிறது. கையிலிருக்கும் நாட்டின் மிளகு கண்டி என்ற எடைக்கு 65 ரூபாய், இனிமேல் பிடிக்கப்போகும் நாட்டின் மிளகு 55 ரூபாய். பதிலுக்கு டச்சுக்காரர் ஆண்டுக்கு 12,000 ரூபாய்க்கு ஆயுதம் தரவேண்டும். இன்னும் பிடிக்காத நாட்டின் விளைச்சலுக்கு விலை பேசி, அதைப் பிடிக்கத் தேவையான துப்பாக்கியையும் வாங்குகிறவரிடமே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வணிக இடர் என்று இன்று பாடமாகச் சொல்லித் தருகிறார்களே, அதைப் பத்து ரூபாய் வித்தியாசத்தில் எழுதி முடித்துவிட்டார்கள்.

மிளகு விளைவது வடக்கே, வட்டக்கோட்டை இருப்பதோ அகஸ்தீஸ்வரம் பக்கம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்ற மறுப்பு வலுவானது. மிளகு நாட்டில் சோறு போதாது என்பதுதான் அதற்குப் பதில். கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இருபோகம் விளையும் நாஞ்சில் நாடே திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். படைக்கும் கோயிலுக்கும் அன்னதான ஊட்டுப்புரைக்கும் அரிசி வேண்டும், அரசின் பங்கான மேல்வாரமாக நெல் வந்து சேரவேண்டும். அந்த நெல்லின் மேல்தான் கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு எப்போதும் கண். 1697ஐ ஒட்டி மதுரை நாயக்க அரசி மங்கம்மாளின் படை திறை கேட்டு வந்தது. அறுவடை நேரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஒரு படை இறங்கிவிட்டால் அந்தப் போகம் முழுவதும் போயிற்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்து, பின்னர் அ.கா. பெருமாள் பதிப்பித்த முதலியார் ஓலைகள் என்ற பழைய ஆவணங்களைப் படித்தால் நாஞ்சில் நாட்டாரின் நிலை தெரியும். நாயக்கரின் வடுகப் படை ஒரு பக்கம் கொள்ளையிட, அரசனின் அதிகாரிகள் மறுபக்கம் வரிக்கு நிற்க, நாட்டார் கூட்டம் கூடிப் பேசி எதிர்த்திருக்கிறார்கள். கொள்ளை போன வயலுக்கு வரி கேட்டால் குடிகள் எதிர்ப்பார்கள், கேட்காமல் விட்டால் பதிவுக்கணக்கில் வரவு விழும். இந்த இரட்டை நட்டத்துக்கு அடைப்பாகத்தான் ஆரல்வாய்மொழி மலையடியிலிருந்து கடல்வரை தெற்குக் காவல் அரண் நீண்டது. அது கடலைத் தொடும் முனை வட்டக்கோட்டை. வடக்கே மிளகை வாங்க மடிச்சீலை அவிழவேண்டுமானால் தெற்கே நெல் வீடு வந்து சேரவேண்டும். இப்படிப் பார்த்தால் மிளகுக்கும் இந்தக் கோட்டைக்கும் தூரம் அதிகமில்லை.

கல்லோடு ஆளையும் கணக்கில் சேர்த்தார்கள். களரியில் வளர்ந்த இளைஞனின் தேர்ச்சி அவனுடையது, அவன் மெய்யும் அவன் வாளும்தான் அளவுகோல். டிலனாய் கொண்டுவந்த கவாத்தில் தனித்தேர்ச்சிக்கு மதிப்புக் குறைவு. வரிசை கலையாமல் நிற்கவேண்டும், மருந்து கெட்டித்து ஒரே சமயத்தில் சுடவேண்டும், அதைச் சொன்ன நேரத்தில் திரும்பச் செய்யவேண்டும். ஓர் இளைஞனின் உடல்திறனை அரசு எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது இங்கேதான். கோட்டைக்கு உள்ளே அணிவகுப்புக்கென்று திறந்தவெளி விட்டிருப்பதற்கும் பொருள் இதுவே.

அரசு இப்படிக் காத்துக்கொண்டது தன் வரவை மட்டும்தான் என்பதையும் சொல்லவேண்டும். உலகச் சந்தையில் மிளகு விலை ஏறினால் ஆதாயம் பண்டகசாலைக்கு. கொடியை வளர்த்தவனுக்குச் சர்க்கார் வைத்த விலைதான். வாங்குகிறவன் பக்கத்தில் இதே கதையைப் புகையிலையில் பார்க்கலாம். திருவிதாங்கூர்க்காரர் வெற்றிலையோடு மெல்ல விரும்பியது யாழ்ப்பாணப் புகையிலை. கோயம்புத்தூர்ச் சரக்கும் இருந்தது, ஆனால் வாய் பழகியது யாழ்ப்பாணத்துக்கு. அந்த ருசி எளிதில் மாறாது என்பது சர்க்காருக்குத் தெரியும், அதனால்தான் புகையிலையும் ஏகபோகமாக இருந்தது. விலையைக் கூட்டினாலும் மெல்லுகிறவன் விடமாட்டான் என்ற கணிப்பில் வந்த வருமானம் அது. அக்கரையிலும் இதை நம்பியே பயிர் வைத்தார்கள். மலையாளப் புகையிலை என்றே ஒரு வகைக்குப் பெயர் நிலைத்து, 20ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரில் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கமும் நடந்தது. கணிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. விலை ஏற ஏறக் கள்ளக்கடத்தலும் ஏறியது, கடத்தலைப் பிடிக்கும் காவலுக்கும் செலவு செய்யவேண்டியிருந்தது.

இவ்வளவு கணக்குப் பார்த்துக் கட்டிய அரண் 1809இல் ஓர் இரவில் விழுந்ததே, அப்படியானால் கணக்கே தவறுதானே என்றும் கேட்கலாம். பிப்ரவரி 10ஆம் தேதி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழி அரணில் ஏறியது, மேஜர் வெல்ஷ் முன்னால் நின்றார். பிறகு நாகர்கோவிலும் உதயகிரியும் பத்மநாபபுரமும் அதிக நாள் தாங்கவில்லை. கோட்டைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அந்தப் படை எதற்காக வந்தது என்று பார்த்தால் வழக்கு வேறாகிறது. 1805 உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் கம்பெனிக்கு ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கட்டவேண்டும். பணம் பாக்கி விழுந்தது. செலவைக் குறைக்கச் சிப்பாய்களின் படியில் கைவைக்கப்போய் 1804இலேயே நாயர் படை கலகம் செய்திருந்தது. பாக்கிக்காகக் கம்பெனி நெருக்க, வேலுத்தம்பி தளவாய் எதிர்த்து நின்றார். 1793இல் பம்பாய்க் கம்பெனி அரசோடு செய்த ஒப்பந்தத்திலும் மிளகு கொடுத்து ஆயுதம் வாங்கும் பழைய முறைதான் இருந்தது. அந்த உறவு முற்றி, காப்புக்கு என்று வாங்கியதே கடனாகிவிட்டது. 29 அடிச் சுவர் எதிர்பார்த்தது கிழக்கிலிருந்து நெல்லுக்கு வரும் கொள்ளைப் படையை. வந்ததோ கடன்காரனின் படை. எண்ணிப் பார்க்கப் பழகியவர்கள் எண்ணாமல் விட்டது இந்த ஒன்றைத்தான்.

ஏகபோகங்கள் அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு ஓடின. திவான் மாதவராவ் 1860இல் மிளகு ஏகபோகத்தை எடுத்துவிட்டு ஏற்றுமதித் தீர்வை போட்டார், 1863இல் புகையிலைக்கும் அதேபோல் இறக்குமதித் தீர்வை வந்தது. விலை இறங்கினால் வரும் நட்டத்தை அதன்பின் வியாபாரியும் விவசாயியும் பார்த்துக்கொள்ளவேண்டும், சர்க்காருக்குக் கண்டிக்கு இவ்வளவு என்று வந்துவிடும். 1865 வணிக உடன்பாட்டில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூருக்கும் இடையே பெரும்பாலான சரக்குகளின் தீர்வை நீங்கியபோதும் உப்பையும் புகையிலையையும் விடவில்லை. ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது அதற்குப் பிறகும் தொடர்ந்தது.