முயலகன்: சொன்ன நோயும் மறைத்த நோயும்

வலிப்பு நோய்க்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று முயலகன். ஆடவல்லான் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறள் உருவத்துக்கும் அதுவே பெயராதலால், வடமொழி மருத்துவ நூல்கள் நினைவு நீங்குதல் என்னும் பொருளில் அபஸ்மாரம் என்று குறித்த நோயும் அவ்வுருவமும் தமிழிலும் ஒரே சொல்லில் இணைந்தன. காக்காய் வலிப்பு என்னும் பேச்சு வழக்கோ கால்-கை வலிப்பின் மரூஉ. காக்கைக்கு இதில் பங்கில்லை.

இன்று திருவாசி எனப்படும் திருப்பாச்சிலாச்சிராமத்தில், கொல்லிமழவன் என்னும் குறுநில மன்னன், முயலகனால் வருந்திய தன் மகளைக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான் என்றும், 7ஆம் நூற்றாண்டினரான ஞானசம்பந்தர் பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்தார் என்றும் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறும். அவ்வூர் நடராசர் முயலகன்மீதன்றிப் பாம்பின்மீது நிற்பதற்குத் தலபுராண மரபு இதையே காரணமாகக் காட்டுகிறது. அடியார் வரலாற்றைச் சமூக வழக்குக்கு நேர்ச்சான்றாகக் கொள்ள இயலாதெனினும், மகளின் நோயை அரசன் ஒருவன் ஊரறியச் சொன்னதாக எழுதுவதில் சேக்கிழாருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிற்காலத்தில், வரன் பார்க்கும் வீடுகளில் இந்நோய் வாய்விட்டுச் சொல்லப்படாத செய்தியாயிற்று. வீடு மறைத்ததைத் தெரு திடீரென்று காண நேர்ந்தபோது, இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு அடங்கும் என்று நம்பிக் கூடியவர்கள் அதைத் தேடினர். தசைகள் இறுகும் கட்டத்தில் விரல்கள் தாமாக மடங்குவதால், கையில் திணித்த சாவிக்கொத்து இறுகப் பற்றப்பட்டதுபோல் தோன்றும். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாக அடங்குவன ஆதலால், அடங்கிய பெருமை இரும்புக்குச் சென்றது. முன்கூட்டியே சொல்லப்பட்ட உடன்பணியாளரோ நண்பரோ அருகிலிருந்தால் செய்யத்தக்கது வேறு: தலைக்கடியில் மென்மையான துணி வைத்து, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பார்த்து, 5 நிமிடத்தைக் கடந்தால் ஆம்புலன்ஸை அழைப்பது.

சொல்வதற்கான துணிவைச் சட்டமும் வளர்க்கவில்லை. வலிப்புக்குப் பீனோபார்பிட்டால் 1912 முதலும் பெனிட்டாயின் 1938 முதலும் மருந்தாகப் பயன்பட்டுவந்த பின்னும், 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம், திரும்பத் திரும்ப வரும் பித்தோடு வலிப்பையும் சேர்த்துத் திருமணத் தடையாக்கியது. 1937ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்திலும் இத்தகைய தடை இருந்தது. ஆனால் மணக்கும்போது நோயை அறியாதிருந்தவரே அங்கு மணத்தை நீக்கக் கோர முடியும். இந்தியச் சட்ட வாசகத்தில் அந்த வரம்பு இடம்பெறாமையால், உள்ளதைச் சொல்லிச் செய்த மணமும் நீக்கத்தக்கதாகவே நின்றது; சொன்னவருக்கும் மறைத்தவருக்கும் வேறுபாடு காணாத இத்திருத்தம் மறைப்பவரின் பக்கமே நியாயத்தைத் தள்ளியது எனலாம்.

1999ஆம் ஆண்டுத் திருத்தம் வலிப்பு என்னும் சொல்லை அத்தடைப் பிரிவிலிருந்து நீக்கியது. முக்கியச் செய்தியை மறைத்து வஞ்சனையால் பெற்ற இசைவு மணநீக்கத்துக்குக் காரணமாகும் என்னும் பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.