ஊர் விட்டுச் சென்றோர் காப்பியம்

சிலப்பதிகாரத்தைப் பத்தினிக் காப்பியம் என்றும், மூவேந்தர்க்கும் உரிய காப்பியம் என்றும் அறிஞர் போற்றுவர். யாம் புலவர் அல்லோம். இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுவோர். எனினும், பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்து இக்காலனியில் குடியிருக்கும் நமக்கு அந்நூல் வேறொரு முகத்தையும் காட்டுகின்றது. அஃது ஊர் விட்டுச் சென்ற ஒரு குடும்பத்தின் கதையுமாகும்.

உ. வே. சாமிநாதையர் 1892-ஆம் ஆண்டில் இந்நூலை முழுமையாகப் பதிப்பித்தார். புகார், மதுரை, வஞ்சி என்னும் காண்டங்களில் முறையே 10, 13, 7 ஆக 30 பகுதிகள் உள. கதை பெரும்பாலும் அகவலில் நடக்கின்றது; இடையிடையே மக்களின் இசைப்பாடல்கள் வருகின்றன. இவை வெறும் அணி அல்ல. கதை திரும்பும் இடங்களில் நிற்பவை. கடற்கரையில் பாடிய கானல் வரியால் கோவலனும் மாதவியும் பிரிகின்றனர். வேட்டுவ வரியில் கண்ணகியின் வருங்காலப் பெருமை முன்னுரைக்கப்படுகின்றது. ஆய்ச்சியர் குரவை முடிந்த வேளையில் கோவலன் கொலையுண்ட செய்தி வருகின்றது. கண்ணகி விண்ணேறியதைக் கண்ட குன்றக் குறவரும் குரவை ஆடுகின்றனர். அவர் வாயிலாகவே அச்செய்தி செங்குட்டுவனை எட்டுகின்றது.

இவ்வமைப்பின் பொருள் யாது? செல்வம் இழந்த கோவலன் ஒரு சிலம்பை முதலாகக் கொண்டு மதுரை சேர்ந்தான். முன்பின் அறியாத அக்குடும்பத்திற்கு இடம் தந்தவள் இடைக்குல மூதாட்டி மாதரி. நகருக்குள் அவனை இன்னான் என்று சொல்வார் ஒருவரும் இலர். பொற்கொல்லன் சொல் ஏறிற்று. அரசன் விசாரியாமல் ஆணையிட்டான். அரண்மனை கேளாது விட்ட சான்றைக் காப்பியம் எளிய மக்களின் பாட்டில் வைத்துக் காத்தது.

அரசவையில் கண்ணகி முதலில் தன் ஊர் புகார் என்கின்றாள். அதன்பின் கணவன் குடியைக் கூறுகின்றாள். தன் பெயரை இறுதியிலேயே சொல்கின்றாள். பாண்டிய நாட்டில் நீதி இழந்த அச்சோழநாட்டுப் பெண்ணுக்குச் சேரன் கோயில் எடுத்தான். அதற்குரிய கல் இமயத்தில் எடுக்கப்பெற்று, கங்கையில் நீராட்டப்பெற்றது என்கின்றது காப்பியம்.

நம் பிள்ளைகளை ஊர் எதுவென்று கேட்டால் குவார்ட்டர்ஸ் எண்ணைச் சொல்கின்றனர். எம் வீட்டிலும் அவ்வாறே. அவர்களை நோவானேன்? ஊரைப்பற்றி நாம் சொன்னது எவ்வளவு? ஞாயிறுதோறும் ஒரு பகுதியை வீட்டில் உரக்கப் படிப்போமாயின், 30 வாரங்களில் நூல் முற்றுப்பெறும். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன்னரே முடிந்துவிடும்.