நிலத்தடி நீரில் நைட்ரேட்: கர்நாடகா ஏன் 2-வது இடம்? வரைபடத்தை எப்படிப் படிப்பது?

பெங்களூரு சிவாஜிநகரில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காவிரித் தண்ணீர் வராத நாளில் போர்வெல், இல்லையென்றால் டேங்கர். "கொதிக்க வெச்சு குடிச்சா போதும்" என்பார்கள். கிருமிக்கு அது சரி. நைட்ரேட்டுக்கு நேர் எதிர். தண்ணீர் ஆவியாகப் போகும், நைட்ரேட் பாத்திரத்திலேயே தங்கி அடர்த்தி கூடும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கை, நாடு முழுக்க 15,259 இடங்களின் தண்ணீரைச் சோதித்தது. அதில் 19.8 சதவீத மாதிரிகளில் நைட்ரேட், லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற இந்திய வரம்பைத் தாண்டியிருந்தது. ராஜஸ்தானில் 49 சதவீதம், கர்நாடகாவில் 48, தமிழ்நாட்டில் 37. பாதிப்புள்ள மாவட்டங்கள் 2017-ல் 359, 2023-ல் 440.

இந்த மாவட்டக் கணக்கில் கொஞ்சம் கவனம் தேவை. ஒரு பகுதியில் மட்டும் வரம்பு தாண்டினாலும் மாவட்டமே பட்டியலில் வந்துவிடும். வரைபடத்தில் மொத்த மாவட்டத்துக்கும் ஒரே நிறம் பூசினால், நல்ல கிணறும் கெட்ட கிணறும் ஒன்றாகிவிடும்.

எங்கிருந்து வருகிறது?

45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. மானியத்தால் மூட்டை விலை 300 ரூபாய்க்கும் கீழே, அதனால் விவசாயிக்குக் கை தாராளமாகத்தான் போகும். போட்டதில் பாதிக்கும் குறைவாகவே பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் ஒரு பங்கு காற்றில் போக, இன்னொரு பங்கு நைட்ரேட்டாக மாறுகிறது. மண் துகள்களைப் போலவே நைட்ரேட்டுக்கும் எதிர்மின் தன்மை என்பதால் மண் அதைப் பிடித்து வைக்காது. மழையோடு கீழே இறங்கிவிடும்.

ஆனால் எல்லாப் பழியையும் யூரியா மேல் போட முடியாது. சிவாஜிநகரில் வயல் ஏது? ஊருக்குள் இருக்கும் போர்வெல்லில் நைட்ரேட் கூடினால் முதல் சந்தேகம் கசியும் சாக்கடைக் குழாய் மேல்தான். கோலாரில் இன்னும் சிக்கல். பெங்களூருக்குத் தக்காளி அனுப்பும் அந்த மாவட்டத்தின் ஏரிகளுக்கு, 2018 முதல் கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் இந்த நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீர் போகிறது. அங்கே ஒரு கிணற்றில் நைட்ரேட் இருந்தால் அது வயலுடையதா, மாட்டுக் கொட்டகையுடையதா, நம் வீட்டுக் கழிவறையுடையதா?

இதைப் பிரிக்க ஒரு வழி உண்டு. யூரியாவின் நைட்ரஜன் காற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் நைட்ரஜன்-15 என்ற கனமான வகையின் பங்கு, காற்றில் உள்ள அளவை ஒட்டியே இருக்கும். கழிவுநீரிலும் சாணத்திலும் அது கூடுதல். மூலம் தெரியாமல் அளவை மட்டும் காட்டும் வரைபடத்தை வைத்து, உரத்தைக் குறைப்பதா, குழாயை மாற்றுவதா என்று முடிவெடுக்க முடியாது.

இன்னொரு சிக்கல் பாறை. பெங்களூரு, கோலார் பகுதியில் அடியில் இருப்பது கடினப் பாறை. தண்ணீர் விரிசல் வழியாகத்தான் ஓடுகிறது. அதனால் அடுத்தடுத்த இரண்டு போர்வெல்களின் அளவு வேறாக இருக்கலாம். புள்ளிகளுக்கு நடுவே கணினி நிரப்பும் நிறம் இங்கே வெறும் ஊகம்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 1991 நைட்ரேட் உத்தரவின்படி ஆபத்துப் பகுதிகளைக் குறித்து, அங்கே ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோவுக்கு மேல் சாண உர நைட்ரஜன் போடக் கூடாது என்றது. அங்கே கோடு போட்டால் விதி வரும். நம்மிடம் வரைபடம் இருக்கிறது. அதோடு கட்டிப்போட்ட விதி இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் போர்வெல் தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள், முடிந்தால் மழைக்கு முன்னும் பின்னும். அறிக்கையில் 'நைட்ரேட்' என்றிருந்தால் வரம்பு 45. 'நைட்ரேட்-நைட்ரஜன்' என்றிருந்தால் அதே வரம்பு சுமார் 10. இதைக் கவனிக்காமல் 20 என்று வந்ததைப் பார்த்து நிம்மதி அடைய வாய்ப்பு அதிகம். யூவி வடிகட்டி நைட்ரேட்டை எடுக்காது. ஆர்ஓ பெருமளவு எடுக்கும். வீட்டில் 6 மாதத்துக்குக் குறைந்த, பவுடர் பால் குடிக்கும் குழந்தை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கூடுதல் நைட்ரேட், ரத்தம் ஆக்ஸிஜன் சுமப்பதைக் குறைத்துக் குழந்தையின் உதட்டை நீலமாக்கிவிடும். சோதனை முடிவு வரும்வரை பவுடர் கலக்க அந்தப் போர்வெல் தண்ணீர் வேண்டாம்.