இப்னு பதூதா போன வழியில் ஒரு வெளிக்களப் பாடம்

இந்த முறை வெளிக்களச் சுற்றுலாவுக்குத் தரம் 10 பிள்ளைகளின் கையில் இரண்டு தாள்கள் கொடுத்தோம். ஒன்று, சூழற்றொகுதி பற்றிய விஞ்ஞான வேலைத்தாள். மற்றது, இப்னு பதூதாவின் ‘ரிஹ்லா’வில் இலங்கை பற்றி வரும் சில பக்கங்களின் சுருக்கம். "வரலாறு எதுக்கு சேர், கொக்கு பார்க்கத்தானே போறம்?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளிவிட்டது. அவர் இறங்கிய இடத்தைப் ‘பத்தாலா’ என்கிறார். அது நமது புத்தளம் என்பதே பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. ஊரைச் சுற்றி மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் இருந்தன. ஆட்சியில் இருந்தவர் ஆரியச்சக்கரவர்த்தி. ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரை முழுவதும் குன்று போலக் கிடந்தன என்று அவர் சொல்கிறார்.

இந்த இடத்தில் பிள்ளைகளை நிறுத்தினோம். புத்தளம் உலர் வலயம், கறுவாவோ ஈர வலயத்து மரம். அப்படியென்றால் கரையில் கறுவா எப்படி வந்தது? ஏற்றுமதிக்காகத் துறைமுகத்தில் குவித்து வைத்ததை வெள்ளம் கொண்டு வந்ததாக நினைத்திருப்பாரா? ‘ரிஹ்லா’ எழுதி முடிக்கப்பட்டது 1355இல். பத்து வருடத்துக்கு முன் பார்த்ததை ஞாபகத்திலிருந்து அவர் சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதினார். அதில் ஞாபகப் பிசகும் இருக்கலாம். ஒரு மூலாதாரத்தைச் சோதிக்கத் தாவரவியல் உதவும் என்பதைப் பிள்ளைகள் அன்றுதான் கண்டார்கள்.

பாவா ஆதம் மலைக்குப் போவதற்காக அவர் புத்தளத்திலிருந்து தெற்கே பயணமானார். நாம் பஸ்ஸில் போனதும் அதே திசைதான். முந்தல் பக்கம் என்று கருதப்படும் ஓர் ஊரில் அவருக்குச் சோறு, நெய், மீன், கோழி, பாலோடு எருமைக் கன்றின் இறைச்சியும் விருந்தாகக் கிடைத்தது. அந்தக் கன்றுகளை அங்குள்ள காட்டில் உயிரோடு பிடித்து வந்தார்களாம். அங்கிருந்து ‘பந்தர் ஸலாவாத்’, அதாவது சிலாபம். அதற்கப்பால் நீர் நிறைந்த கரடுமுரடான நிலம், நிறைய யானைகள். ஆனால் அவை யாத்திரிகரை ஒன்றும் செய்யவில்லை என்கிறார்.

அதற்கு அவர் சொல்லும் காரணம் ஒரு கதை. ஷெய்கு இப்னு கபீப் தன் சீடர்களோடு இந்தக் காட்டு வழியே வந்தபோது எல்லோருக்கும் கடும் பசி. ஷெய்கு தடுத்தும் கேளாமல் சீடர்கள் ஒரு யானைக் குட்டியைப் பிடித்துத் தின்றார்கள். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொன்றன. தின்னாத ஷெய்கை மட்டும் முதுகில் ஏற்றி ஊரில் கொண்டுபோய் விட்டன. இதை அப்படியே நடந்த சம்பவமாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் யானையின் காட்டில் மனிதன் ஓர் எல்லையோடு நடக்க வேண்டும் என்பதை அந்தக் காலத்து மக்கள் எப்படிச் சொல்லி வைத்தார்கள் என்பதற்கு இது சான்று. இன்று சிலாபம் நகரைச் சுற்றிக் காட்டு யானை இல்லை. நாடு முழுவதும் 2019 முதல் ஒவ்வொரு வருடமும் முன்னூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூறுக்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் சாகிறார்கள்.

கறுவா, முத்து, மாணிக்கம், யானை எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. கண்டல் இல்லை. விலை இல்லாத மரத்தை யார் எழுதுவார்? நமது மீனவர்கள் கண்டல் பட்டையை அவித்து வலைக்குச் சாயம் ஏற்றினார்கள். நைலோன் வலை வந்ததும் அந்தத் தேவையும் போனது. 1980களில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் நின்ற இடங்களும் குளங்களாயின. ஒல்லாந்தர் காலத்தில் சரக்குத் தோணிகளுக்காக வெட்டிய கால்வாயிலிருந்தே பண்ணைகள் தண்ணீர் எடுத்தன, கழிவையும் அதிலேயே விட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு பண்ணையின் நோய் மற்றதற்குப் பரவ அந்தத் தண்ணீரே வழியானது. கைவிடப்பட்ட குளங்களைப் பிள்ளைகள் வழியெங்கும் கண்டார்கள். "இது எப்பவும் இப்படித்தானே சேர்?" என்றாள் ஒரு பிள்ளை.

வரலாறு தேவைப்படுவது அந்த இடத்தில்தான். முன்பு என்ன நின்றது என்று தெரியாத பிள்ளைக்கு இன்றைய வெறும் சேறுதான் இயற்கை. பெரியவர்களும் அப்படித்தான். சுனாமிக்குப் பின் நாட்டில் 23 இடங்களில் சுமார் 1,000 முதல் 1,200 ஹெக்டயரில் கண்டல் நட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி அதில் சரியாக வளர்ந்தது 200 முதல் 220 ஹெக்டயர்தான். பொருத்தமில்லாத இடத்தில், பொருத்தமில்லாத இனத்தை நட்டது முக்கிய காரணங்களில் ஒன்று. எங்கே எது நின்றது என்பதை அறிவது பரீட்சைக்கு மட்டுமான அறிவல்ல. நட்ட கன்று பிழைக்கவும் அது தேவை.

சிலாபத்துக்கு அருகே பம்பலையில் 2016இல் திறந்த கண்டல் நூதனசாலை இருக்கிறது. ஆசிரியர்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகலாம். ஆனால் அதைவிட அவசரமான ஒரு வேலை உண்டு. சுற்றுலா முடிந்ததும் நாம் கொடுத்த ஒப்படை இதுதான்: உங்கள் ஊரில் வயதான மீனவர் ஒருவரிடம் போய், முன்பு கண்டல் எந்தக் கரையில் நின்றது, பட்டை எங்கே வெட்டினார்கள், எந்த மீன் எந்த மாதம் உள்ளே வந்தது என்று கேட்டு எழுதி வாருங்கள். இப்னு பதூதா எழுதாத பக்கம் அவர்களிடம்தான் இருக்கிறது. அந்தத் தலைமுறை நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. களப்போரத்து ஊர்களில் இருக்கும் நண்பர்களே, உங்கள் வாப்பாமார், அப்பாமாரிடம் இன்றைக்கே கேளுங்கள்.