எடை குறைப்பு ஆபரேஷனுக்கு முன் 2 வாரம் ஸ்பெஷல் டயட் ஏன்? காரணம் கல்லீரல்!

"சாப்பாட்டைக் குறைக்க முடிஞ்சிருந்தா நான் ஏங்க ஆபரேஷனுக்கு வரப் போறேன்?"

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த கையோடு டயட் சார்ட்டையும் நீட்டும்போது பலரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால், அந்த 2 வார டயட்டின் முதல் நோக்கம் எடையைக் குறைப்பது அல்ல. நோயாளிக்கு மன உறுதி இருக்கிறதா என்று பார்க்கும் பரீட்சையும் அல்ல. கல்லீரலைச் சுருக்குவதுதான் அதன் வேலை.

இரைப்பையில் ஆபரேஷன், கல்லீரல் எங்கே வந்தது?

ஸ்லீவ், பைபாஸ் என எந்த முறையாக இருந்தாலும் கத்தி படுவது இரைப்பையில். அந்த இரைப்பையின் மேல் பகுதியை மூடியபடி இருப்பது கல்லீரலின் இடது மடல். லேப்ராஸ்கோப்பி முறையில் சிறு துளைகள் வழியாகக் கருவியை விட்டு, கல்லீரலை மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் மருத்துவர் வேலை செய்ய முடியும்.

உடல் பருமன் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். அப்படிப்பட்ட கல்லீரல் வீங்கிப் பெரிதாக, கனமாக இருக்கும். தூக்கும்போது எளிதில் கிழிந்து ரத்தம் கசியும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடம் சரியாகத் தெரியாது. நிலைமை மோசமானால் வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு மாற வேண்டியிருக்கும். சில நேரம் பாதியிலேயே நிறுத்திவிட்டு, வேறு தேதி கொடுப்பதும் உண்டு.

2 வாரத்தில் எப்படிச் சுருங்கும்?

சோறு, இட்லி, சர்க்கரை என நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரல் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து வரத்து நின்றதும் உடல் இந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது, தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. அதன் பிறகு கல்லீரலில் உள்ள கொழுப்பும் கரையத் தொடங்குகிறது.

2006-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 32 பேருக்கு 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு தரப்பட்டது. கல்லீரலின் அளவு சராசரியாக 18.7 சதவீதம் குறைந்தது. அதில் 80 சதவீதக் குறைவு முதல் 2 வாரத்திலேயே நடந்துவிட்டது. பல மருத்துவமனைகள் 2 வாரம் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். கல்லீரல் மிகப் பெரிதாக இருந்தால் 4 வாரம் வரைகூடச் சொல்வார்கள்.

2011-ல் வெளியான, சுமார் 300 பேரிடம் நடந்த மற்றொரு ஆய்வில், டயட் இருந்தவர்களுக்கு ஆபரேஷன் நேரம் குறையவில்லை. ஆனால் மருத்துவர்களுக்கு வேலை எளிதாக இருந்தது. முதல் 30 நாட்களில் வந்த சிக்கல்களும் குறைவாக இருந்தன.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் சில இன்சூரன்ஸ் நிறுவனங்கள் 3 முதல் 6 மாதம் டயட் இருந்து காட்டினால்தான் பணம் தருவோம் என்று நிபந்தனை வைத்தன. அதற்கு ஆதாரம் இல்லை என்று அங்குள்ள பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கமே எதிர்த்தது. அது வேறு, இந்தக் கல்லீரல் டயட் வேறு.

கம்பங்கூழ் குடிக்கலாமா?

பொதுவாக ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 கலோரி, மாவுச்சத்து குறைவு, புரதம் போதுமான அளவு. இதுதான் சூத்திரம். பிரிட்டனில் சில மருத்துவமனைகள் பாலும் தயிரும் மட்டுமே கொடுக்கின்றன. இங்கே புரோட்டீன் பவுடர் கலந்த பானமும், ஒரு வேளை லேசான உணவும் என்று சார்ட் தருவது வழக்கம்.

நம்மவர்கள் சறுக்கும் இடம் பிரியாணி, பரோட்டா அல்ல. அதெல்லாம் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். 'உடம்புக்கு நல்லதுதானே' என்று சேர்த்துக்கொள்ளும் கம்பங்கூழ், ராகிக் கஞ்சி, சத்துமாவு, தேன் கலந்த எலுமிச்சைத் தண்ணீர், பழ ஜூஸ் ஆகியவைதான் சிக்கல். சிறுதானியங்களில் நார்ச்சத்து அதிகம், உண்மைதான். ஆனால் மாவுச்சத்து அரிசியைவிடப் பெரிதாகக் குறைவில்லை. தேனும் சர்க்கரைதான். கல்லீரலைப் பொறுத்தவரை இவை எல்லாம் கிளைகோஜனுக்கான சரக்கு.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி என வழி எளிது. சைவர்களுக்குப் பனீர், டோஃபு, கெட்டித் தயிர். சுண்டலிலும் பருப்பிலும் புரதத்தோடு மாவுச்சத்தும் வரும் என்பதால் சார்ட்டில் சொன்ன அளவுதான். சோறு சேர்க்காத ரசம், மோர், தெளிந்த சூப் ஆகியவை பசியைச் சமாளிக்க உதவும்.

முதல் 3, 4 நாள் தலைவலி, அசதி, மலச்சிக்கல், வாய் நாற்றம் இருக்கலாம். பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். கல்யாண வீட்டில் ஒரு வேளை தவறிவிட்டால், மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டத் தேவையில்லை. டயட்டீஷியனிடம் சொல்லிவிட்டு, அடுத்த வேளையிலிருந்து சார்ட்டுக்குத் திரும்பினால் போதும். மறைத்தால்தான் ஆபத்து, ஆபரேஷன் டேபிளில் கல்லீரலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சுகர் மாத்திரை போடுபவர்கள் கவனத்துக்கு

இந்த டயட்டில் உண்மையான அபாயம் இங்கேதான். சாப்பாடு பாதிக்குக் கீழே போன பிறகும் இன்சுலினும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையும் பழைய அளவிலேயே தொடர்ந்தால், ரத்தச் சர்க்கரை சட்டெனச் சரியும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் டயட்டைப் பற்றி யோசிக்கவே கூடாது.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ரக மாத்திரைகளில் பிரச்னை வேறு மாதிரி. மாவுச்சத்து குறைந்த நிலையில் இவற்றைத் தொடர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். குளுக்கோமீட்டரில் சர்க்கரை ஓரளவு நார்மலாகவே காட்டும் என்பதால் ஏமாந்துவிட வாய்ப்புண்டு. இவற்றை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க எஃப்டிஏ 2020-ல் அறிவுறுத்தியது. டயட் தொடங்கும்போதே நிறுத்தச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. வாந்தி, வயிற்று வலி, மூச்சுவாங்கல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிபி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் புரத அளவே மாறும். எதையும் தானாக நிறுத்தக் கூடாது, டயட் தொடங்கும் முன்பே மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டி அளவை மாற்றி வாங்க வேண்டும். எடை குறைய செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசி போட்டுக்கொண்டிருந்தால், அதை மயக்க மருந்து மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். இந்த ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் என்பதால், ஆபரேஷனுக்கு முந்தைய பட்டினி நேரத்தை அவர்தான் முடிவு செய்வார்.