நிறுவிய பின் திறக்காத நிரல்: விண்டோஸ் டிஎல்எல் சிக்கலின் வரலாறு

விண்டோஸில் ஒரு நிரலின் ஐகானைச் சொடுக்கியதும் முதலில் ஓடுவது அந்த நிரல் அல்ல. இயங்குதளத்தின் லோடர் என்ற பகுதி இஎக்ஸ்இ கோப்பைத் திறந்து, அதனுள் இருக்கும் இறக்குமதிப் பட்டியலைப் படிக்கிறது. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் டிஎல்எல் என்ற வகைக் கோப்புகளில் எவையெவை வேண்டும், ஒவ்வொன்றிலும் எந்தெந்த செயற்கூறுகள் வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். லோடர் அவற்றைத் தேடி நினைவகத்தில் ஏற்றுகிறது. அந்தக் கோப்புகள் கேட்கும் வேறு கோப்புகளையும் ஏற்றுகிறது. எல்லாம் பொருந்திய பிறகே நிரலின் முதல் கட்டளைக்கு வழி விடுகிறது. ஒன்று குறைந்தாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். நிரலை எழுதியவர் எத்தனை தெளிவான பிழைச் செய்திகளை எழுதி வைத்திருந்தாலும் பயனில்லை. அவற்றைக் காட்டும் வரி இன்னும் ஓடவே இல்லை. இன்ஸ்டாலர் 'நிறுவல் முடிந்தது' என்று சொல்லிவிட்டுப் போன நிரல், சொடுக்கியதும் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டிவிட்டு மறைந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்த ஏற்பாடு பிறந்தது நினைவகப் பஞ்சத்தில். 1985 நவம்பரில் வெளிவந்த விண்டோஸ் 1.0, 256 கேபி நினைவகம் உள்ள கணினியிலும் ஓட வேண்டியிருந்தது. சாளரம் வரைவது, மெனு காட்டுவது, எழுத்து அச்சிடுவது ஆகிய வேலைகளுக்கான கட்டளைகளை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே சுமந்தால் இரண்டு நிரல்களை ஒரே நேரத்தில் திறக்க முடியாது. அதனால் பொதுவான கட்டளைகளை டிஎல்எல் என்ற தனிக் கோப்பில் வைத்து, நினைவகத்தில் ஒரே ஒரு பிரதியை ஏற்றி, எல்லா நிரல்களும் அதையே பயன்படுத்தச் செய்தார்கள். அன்றைய வன்பொருளுக்கு இதைவிட நல்ல வழி இருந்ததாகச் சொல்ல முடியாது. பகிர்வு இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளோடு நின்றிருந்தால் பெரிய தொல்லையும் வந்திருக்காது. வெளியார் எழுதிய நிரல்களும் தங்கள் கோப்புகளை அதே சிஸ்டம் கோப்புறையில் போடத் தொடங்கியபோதுதான் வினை ஆரம்பித்தது.

1991-இல் வந்த விஷுவல் பேசிக் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. அதில் எழுதிய நிரல் தானாக ஓடாது, விபிரன்100.டிஎல்எல் என்ற துணைக் கோப்பு கணினியில் இருக்க வேண்டும். இரண்டாம் பதிப்பு விபிரன்200-ஐக் கேட்டது, 1993-இல் வந்த மூன்றாம் பதிப்பு விபிரன்300-ஐக் கேட்டது. இந்தக் கடைசிக் கோப்பு மட்டும் 400 கேபி அளவில் இருந்தது. நொடிக்கு 2,400 பிட் வேக மோடத்தில் அதைச் சுருக்காமல் இறக்கினால் ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். எனவே இலவச நிரல்களைப் பகிர்ந்தவர்கள் பலர் அதை விட்டுவிட்டு, 'விபிரன்300 தங்களிடம் இருக்க வேண்டும்' என்று ஒரு குறிப்பை மட்டும் சேர்த்தார்கள். குறிப்பைப் படிக்காதவருக்கு நிரல் திறக்கவில்லை. ஆனாலும் இந்தக் கோளாறு எளிது: காணாமல் போன கோப்பின் பெயர் திரையிலேயே தெரிந்தது, பெயரிலேயே பதிப்பு எண்ணும் இருந்தது.

ஒரே பெயரில் வெவ்வேறு உள்ளடக்கம் கொண்ட கோப்புகள்தான் ஆளைச் சுற்ற வைத்தன. விண்டோஸ் 3.1 காலத்தில் பெட்டிகளுக்கும் பொத்தான்களுக்கும் செதுக்கியது போன்ற முப்பரிமாணத் தோற்றம் தர சிடிஎல்3டி என்ற டிஎல்எல் கோப்பு பரவலாக விநியோகமானது. அதன் 32-பிட் வடிவம் இரண்டு வகையாக வந்தது: ஒன்று விண்டோஸ் என்டி-க்கு, மற்றது விண்டோஸ் 95-க்கு. இரண்டுக்கும் பெயர் சிடிஎல்3டி32.டிஎல்எல்தான். கவனமில்லாத இன்ஸ்டாலர் ஒன்று என்டி-க்கான கோப்பை விண்டோஸ் 95 கணினியில் போட்டுவிட்டால், அந்தக் கோப்பைக் கேட்கும் மற்ற நிரல்களும், நேற்றுவரை ஒழுங்காக ஓடியவை உட்பட, 'இது சரியான பதிப்பு அல்ல' என்று முறையிட்டன. புதிதாக நிறுவியது ஒன்று, படுத்துக்கொண்டது வேறொன்று என்பதால் பயனர் காரணத்தைக் கண்டுபிடிப்பது அரிதாக இருந்தது.

16-பிட் விண்டோஸில் இதைவிட விசித்திரமான நிலையும் உண்டு. ஒரு டிஎல்எல் நினைவகத்தில் ஏறிவிட்டால், அதே பெயரைக் கேட்கும் அடுத்த நிரலுக்கும் அந்தப் பிரதியே கிடைக்கும். அந்த நிரல் தன் கோப்புறையில் வேறு பதிப்பை வைத்திருந்தாலும் லோடர் திரும்பிப் பார்க்காது. ஆகவே பழைய பதிப்பைக் கொண்டுவரும் நிரலை முதலில் திறந்தால் புதியது வேண்டிய நிரல் திறக்காது. வரிசையை மாற்றித் திறந்தால் இரண்டும் ஓடும். காலையில் வேலை செய்த நிரல் மாலையில் மறுத்தது என்று புகார் சொன்னவர்களை, கணினி பழுது பார்ப்பவர்கள் நம்பாமல் போனதில் வியப்பில்லை.

இன்ஸ்டாலர்களுக்கு விதி இல்லாமல் இல்லை. ஒரு கோப்பின் மேல் எழுதுமுன் இரண்டின் பதிப்பு எண்களையும் ஒப்பிட்டு, புதியதை மட்டுமே வைக்க வேண்டும் என்பது விதி. அதற்கான வசதியை விண்டோஸ் 3.1-ஏ தந்தது. பலர் அதைப் பின்பற்றவில்லை. பின்பற்றியவர்களுக்கும் முழு நிம்மதி கிடைக்கவில்லை, ஏனெனில் புதிய பதிப்பு பழையதைப் போலவே நடந்துகொள்ளும் என்பது வெறும் நம்பிக்கைதான். பழைய பதிப்பில் இருந்த பிழையையே ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்ட நிரல், பிழை திருத்தப்பட்டதும் விழுந்தது. ஓடிக்கொண்டிருக்கும் டிஎல்எல் கோப்பை மாற்ற முடியாது என்பது இன்னொரு தடை. விண்டோஸ் 95-இல் இன்ஸ்டாலர் அந்த மாற்றத்தை வின்இனிட்.ஐஎன்ஐ என்ற கோப்பில் எழுதி வைக்கும்; கணினி மறுபடி தொடங்கும்போதுதான் அது நிறைவேறும். 'கணினியை இப்போது மறுதொடக்கம் செய்யவா' என்ற கேள்விக்கு 'பிறகு' என்று பதில் சொல்லிவிட்டு நிரலைத் திறந்தவருக்குப் பழைய டிஎல்எல்லும் புதிய நிரலும் ஒத்துப்போகாத நிலை வாய்த்தது.

நிரலை நீக்குவதும் ஆபத்தாக இருந்தது. விண்டோஸ் 95-இன் பதிவேட்டில், பகிரப்படும் ஒவ்வொரு டிஎல்எல்லையும் எத்தனை நிரல்கள் பயன்படுத்துகின்றன என்று ஒரு கணக்கு வைக்கப்பட்டது. நிறுவும்போது ஒன்று கூடும், நீக்கும்போது ஒன்று குறையும். கணக்கு பூஜ்யத்துக்கு வந்தால், 'இந்தக் கோப்பை இனி எதுவும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, அழிக்கலாமா' என்று நீக்கும் நிரல் கேட்கும். எல்லா இன்ஸ்டாலர்களும் கணக்கை ஒழுங்காகக் கூட்டவில்லை. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரோ, அந்தக் கோப்பு என்னவென்றே அறியாத பயனர். கணினிக்கே தெரியாததை மனிதரிடம் கேட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழித்த உரையாடல் பெட்டிகளில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

இந்த நிலைமைக்கு 'டிஎல்எல் நரகம்' என்ற பெயர் 1990-களில் நிலைத்தது. மைக்ரோசாஃப்டே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது: 2000 ஜனவரியில் அதன் நிரலாளர் நூலகத்தில் ரிக் ஆண்டர்சன் எழுதிய கட்டுரையின் தலைப்பு, டிஎல்எல் நரகம் முடிந்தது என்ற பொருளில் இருந்தது. அடுத்த மாதம் வெளியான விண்டோஸ் 2000-இல் இரண்டு மருந்துகள் இருந்தன. சிஸ்டம் கோப்புகளின் நல்ல பிரதிகள் தனிக் கோப்புறையில் வைக்கப்பட்டன. எந்த இன்ஸ்டாலராவது அவற்றின் மேல் எழுதினால் இயங்குதளம் சத்தமில்லாமல் பழையதைத் திரும்ப வைத்துவிடும். இரண்டாவது, ஏற்கெனவே விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலும் இருந்தது: இஎக்ஸ்இ கோப்பின் முழுப் பெயரோடு .லோக்கல் என்ற ஒட்டைச் சேர்த்து ஒரு வெற்றுக் கோப்பை நிரலின் கோப்புறையில் வைத்தால், லோடர் முதலில் அந்தக் கோப்புறையிலுள்ள டிஎல்எல்லையே எடுக்கும். பகிர்வதற்காகப் பிறந்த ஏற்பாட்டில், பகிராமல் இருக்க ஒரு வழி அதிகாரபூர்வமாகத் திறந்தது.

தமிழ்க் கணினிப் பயன்பாட்டையும் இந்த மாற்றம் தொட்டது. யூனிகோடு தமிழில் கொம்பும் துணைக்காலும் எழுத்தின் முன்னும் பின்னும் சரியான இடத்தில் விழுவதைக் கவனித்துக்கொண்டது யூனிஸ்கிரைப் என்ற டிஎல்எல். விண்டோஸ் 2000-இல்தான் லதா எழுத்துருவோடு தமிழ் வசதி வந்தது. பின்னர் வந்த யூனிஸ்கிரைப் பதிப்பு வேண்டியவர்கள், காவலில் இருந்த சிஸ்டம் கோப்பைத் தொடாமல், புதிய பிரதியை அந்தந்த நிரலின் கோப்புறையில் போட்டு வைத்தார்கள்.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஒரு படி போனது. வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறையில் ஒரே டிஎல்எல்லின் பல பதிப்புகள் அருகருகே இருக்கலாம். எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை ஒவ்வொரு நிரலும் மேனிஃபெஸ்ட் என்ற சிறு எக்ஸ்எம்எல் குறிப்பில் சொல்ல வேண்டும். தாளில் பார்த்தால் குறையே இல்லாத திட்டம். விஷுவல் ஸ்டூடியோ 2005 என்ற நிரலாக்கத் தொகுப்பு தன் சி மொழி நூலகத்தை இந்த முறைக்கு மாற்றியபோது நடைமுறை வேறு முகம் காட்டியது. டிஎல்எல் கணினியில் இருக்கும். மேனிஃபெஸ்டில் எழுதிய பதிப்பு எண்ணோடு அது பொருந்தாததால் லோடர் அதைத் தொடாது. திரையில் வந்த செய்தி, நிரலின் உள்ளமைவு தவறு, மீண்டும் நிறுவினால் சரியாகலாம் என்றது. எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு என்ற விவரம் எதுவும் இல்லை. விபிரன் காலத்துச் செய்தியே இதைவிட உபயோகமானது.

இதன் உச்சம் 2009 ஜூலையில் வந்தது. ஒரு பாதுகாப்புக் குறையைத் திருத்த, விஷுவல் ஸ்டூடியோ 2005-க்கு மைக்ரோசாஃப்ட் ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. அது தானாக நிரலாளர்களின் கணினிகளில் ஏறியது. அதற்குப் பின் தொகுக்கப்பட்ட நிரல்களின் மேனிஃபெஸ்டில் பதிப்பு எண்ணின் கடைசிப் பகுதி 762-லிருந்து 4053 ஆக மாறியது. நிரலின் ஒரு வரியைக்கூட மாற்றாதவர்கள், வழக்கம்போல 762 பதிப்பு நூலகத்தை இணைத்து வாடிக்கையாளருக்கு அனுப்பினார்கள். அனுப்பியவரிடம் ஓடியது, வாங்கியவரிடம் திறக்கவில்லை. விஷுவல் ஸ்டூடியோ 2010 வந்தபோது சி நூலகம் மறுபடியும் சாதாரண டிஎல்எல் ஆனது, பெயரிலேயே எண்ணைச் சுமந்தபடி: எம்எஸ்விசிஆர்100. சுற்றி வளைத்து, விபிரன்300-இன் முறைக்கே வந்து சேர்ந்தார்கள்.

காரணம் கண்டுபிடிக்கும் கருவிகள் இந்த ஆண்டுகளில்தான் வளர்ந்தன. டிபென்டன்சி வாக்கர், ஒரு நிரல் கேட்கும் டிஎல்எல்களையும் அவை கேட்பவற்றையும் கிளை கிளையாக விரித்துக் காட்டி, இல்லாததைத் தனியே குறித்தது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெலும் எழுதிய ஃபைல்மான், ஒரு நிரல் எந்தெந்தக் கோப்பை எந்தெந்தக் கோப்புறையில் தேடித் தோற்றது என்பதை நேரடியாகப் பட்டியலிட்டது. 2006-இல் அது பிராசஸ் மானிட்டரில் கலந்தது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து மேனிஃபெஸ்ட் கோளாறுகளுக்கு எஸ்எக்ஸ்எஸ்ட்ரேஸ் என்ற கருவி உண்டு. பிழை எண்களும் படிக்கத் தெரிந்தவருக்கு வழிகாட்டின: 0xசி0000135 என்றால் டிஎல்எல் இல்லை, 0xசி0000139 என்றால் டிஎல்எல் இருக்கிறது ஆனால் அதில் கேட்ட செயற்கூறு இல்லை, 0xசி000007பி என்றால் பெரும்பாலும் 32-பிட் கோப்பும் 64-பிட் கோப்பும் கலந்துவிட்டன.

இந்தக் கடைசி எண் 64-பிட் விண்டோஸ் பரவியபோது பெருகியது. பழைய நிரல்கள் உடையாமலிருக்க, 64-பிட் கோப்புகளுக்கான கோப்புறையின் பெயர் சிஸ்டம்32 என்றே விடப்பட்டது. 32-பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 என்ற கோப்புறைக்குப் போயின. காணாமல் போன டிஎல்எல் ஒன்றை இணையத்தில் தேடி இறக்கி, பெயரை நம்பி சிஸ்டம்32-இல் போட்டவர்கள், 'இல்லை' என்ற பிழைக்குப் பதிலாக 'பொருந்தவில்லை' என்ற பிழையைப் பெற்றார்கள். தனி டிஎல்எல்களை வழங்கும் தளங்களிலிருந்து பழைய பதிப்பும், சில நேரம் வைரஸும் சேர்ந்து வந்தன. சரியான வழி, சி நூலகக் கோப்புகளைக் கொண்ட விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை மைக்ரோசாஃப்டிடமிருந்தே நேராக நிறுவுவது. 2005, 2008, 2010, 2012, 2013 என்று, ஒவ்வொன்றும் 32-க்கும் 64-க்கும் தனியாக, அவை கன்ட்ரோல் பேனலை நிரப்பின. அவற்றைக் குப்பை என்று எண்ணித் துடைத்தவர்களின் நிரல்கள் மறுநாள் திறக்கவில்லை.

2015-இல் சி நூலகத்தின் பெரும்பகுதி இயங்குதளத்துக்குள்ளேயே சேர்ந்தது. விண்டோஸ் 10-இல் அது பிறவியிலேயே உண்டு; விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் புதுப்பிப்பாக ஏற வேண்டும். புதுப்பிப்புகளை நிறுத்தி வைத்தவர்களுக்கு ஏபிஐ-எம்எஸ்-வின் என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள கோப்பு இல்லை என்ற செய்தி வந்தது. 2015 முதல் வந்த விஷுவல் ஸ்டூடியோ பதிப்புகளுக்கெல்லாம் ஒரே தொகுப்பு போதும் என்ற உறுதியும் பின்னர் கிடைத்தது. அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது: 2019 பதிப்பு 64-பிட் நிரல்களுக்காக விசிரன்டைம்140_1 என்ற புதுக் கோப்பைச் சேர்த்தது, 2015 தொகுப்பை மட்டும் வைத்திருந்த கணினிகளில் புதிய நிரல்கள் அந்தப் பெயரைச் சொல்லி நின்றன.

இதற்குள் பலர் பகிர்வையே கைவிட்டிருந்தார்கள். வட்டு மலிவாகிவிட்டதால், வேண்டியதையெல்லாம் நிரலின் கோப்புறையிலேயே கட்டி அனுப்புவது வழக்கமாயிற்று. எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் எழுதிய நிரல்கள் குரோமியம் உலாவியின் முழுப் பிரதியையே ஒவ்வொன்றும் சுமக்கின்றன. இவை நிறுவிய பின் திறக்காமல் போவது குறைவு. ஆனால் சொந்தப் பிரதி வைக்கும் வழக்கத்தின் விலை 2004 செப்டம்பரிலேயே தெரிந்தது: ஜேபெக் படங்களைக் கையாளும் ஜிடிஐபிளஸ்.டிஎல்எல்லில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டபோது, எத்தனையோ நிரல்கள் அதன் சொந்தப் பிரதியை வைத்திருந்தன. விண்டோஸின் பிரதியைத் திருத்தினால் மட்டும் போதவில்லை; எங்கெங்கே பழைய பிரதி இருக்கிறது என்று தேட மைக்ரோசாஃப்ட் தனிக் கருவியே வெளியிட்டது. 2023 செப்டம்பரில் வெப்பி பட நூலகத்தில் அதே வகைக் குறை வெளியானபோது தேட வேண்டிய இடங்கள் இன்னும் பெருகியிருந்தன: குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளோடு, எலக்ட்ரான் நிரல்களையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டியிருந்தது.